கைபிடியைச் சுற்றினால் கணக்கு வருமா?

கேள்வி: அப்பப்பா கோட்டையில் ஒரு தேயிலைக் கொம்பனியில் கணக்கு லிகிதராக இருந்தவர். வீடு மாறும்போது அவருடைய கணக்கு மெசின் ஒன்று அகப்பட்டது. வலப்பக்கம் கைபிடி, முன்னால் வரிசையாகச் சின்ன நெம்புகள், கீழே நகரும் பெட்டி. 'ஒரிஜினல் ஒட்னர்' என்று பெயர் போட்டிருக்கிறது. கூட்டப் பழகிவிட்டேன். பெருக்குவது எப்படி? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: கூட்டத் தெரிந்தால் பெருக்கவும் தெரியும், ஏனென்றால் இந்த மெசினுக்குக் கூட்டலும் கழித்தலும் தவிர வேறொன்றும் தெரியாது. நெம்பை 7இல் வைத்தால் உள்ளே சக்கரத்தில் 7 பற்கள் வெளியே நீட்டிக்கொள்ளும். கைபிடியை ஒருமுறை சுற்றினால் அந்த 7 பற்களும் விடைச் சக்கரத்தை 7 இடம் தள்ளும், அவ்வளவுதான். அப்பப்பா போட்டிருக்கக்கூடிய ஒரு கணக்கையே எடுப்போமே: 487 இறாத்தல் தேயிலை, இறாத்தல் 2 ரூபா 35 சதம். நெம்புகளில் 487 வையுங்கள். 5 சுற்று. பெட்டியை வலப்பக்கம் ஒரு இடம் நகர்த்தி 3 சுற்று, இன்னொரு இடம் நகர்த்தி 2 சுற்று. விடையில் 114445 நிற்கும், சுற்றுகளை எண்ணும் சின்னப் பகுதியில் 235 நிற்கும். தசமப் புள்ளியை நீங்கள்தான் வைக்க வேண்டும், ஆக 1144 ரூபா 45 சதம். நம் நாட்டு ரூபாய் 1872இலிருந்தே 100 சதம் என்பதால் லிகிதர்மாருக்கு இது கைக்கு வாகான மெசின். 1971 வரை சிலிங், பென்ஸ் என்று 12ஆலும் 20ஆலும் மல்லுக்கட்டிய இங்கிலாந்துக்காரருக்கு அந்தச் சுகம் இல்லை.

கைதேர்ந்தவர்கள் 198ஆல் பெருக்க 8, 9, 1 என்று 18 சுற்றுச் சுற்ற மாட்டார்கள். நூறின் இடத்தில் 2 முன்சுற்று, பெட்டியைத் திருப்பி ஒன்றின் இடத்துக்குக் கொண்டுவந்து 2 பின்சுற்று (200 கழித்தல் 2 தானே), 4 சுற்றில் வேலை முடிந்துவிடும். பழைய வகைகளில் அந்தப் பின்சுற்று எண் சிவப்பில் தெரியும். ஒன்று மட்டும் கவனம்: சுற்றைப் பாதியில் நிறுத்திப் பெட்டியை இழுக்காதீர்கள்.

கேள்வி: வகுக்கும்போது மணி அடிக்கிறதே, பழுதா? (அதே வாசகி)

பதில்: பழுதில்லை, அந்த மணிதான் வகுத்தலே! 1000ஐ 37ஆல் வகுக்க வேண்டும் என்று வையுங்கள். முதலில் 1000ஐ விடைப் பகுதியில் ஏற்றி, சுற்று எண்ணும் பகுதியைப் பூச்சியமாக்குங்கள், பலரும் இதை மறந்துவிட்டுத்தான் விடை பிழை என்கிறார்கள். பிறகு 37ஐ வைத்து, பெட்டியைப் பத்தின் இடத்துக்கு நகர்த்திப் பின்னால் சுற்றுங்கள். 630, 260, அப்புறம் மூன்றாவது சுற்றில் மணி. கழிக்க இல்லாததைக் கழித்துவிட்டோம், இடப்பக்கம் முழுக்க 9ஆக நிரம்பியிருக்கும். ஒரு முன்சுற்று சுற்றினால் 260 திரும்பி வரும். பெட்டியை ஓரிடம் இடப்பக்கம் தள்ளி மறுபடி: 7 சுற்றுக்குப் பிறகு 1 மீதி, எட்டாவதில் மணி, ஒன்று திருப்பு. ஈவு 27, மீதி 1. பள்ளிக்கூடத்தில் '37 எத்தனை முறை போகும்' என்று ஊகித்து அழித்து எழுதுகிறோமே, அந்த ஊகம் இங்கே தேவையே இல்லை.

கேள்வி: ஒட்னர் ரஷ்ய மெசினா, சுவீடன் மெசினா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: இரண்டும்தான். ஒட்னர் சுவீடன்காரர், தொழிற்சாலை வைத்தது சென் பீட்டர்ஸ்பர்க்கில். அவர் 1905இல் காலமானார். 1917 புரட்சிக்குப் பிறகு குடும்பம் சுவீடனுக்குப் போய் கோத்தன்பர்க்கில் 'ஒரிஜினல் ஒட்னர்' என்று தொடங்கியது. சோவியத்காரர் அதே அமைப்பை 'பெலிக்ஸ்' என்ற பெயரில் செய்துகொண்டிருந்தார்கள். ஜெர்மனியின் பிரன்ஸ்விகாவும் 1892இல் ஒட்னரிடம் உரிமை வாங்கிச் செய்யத் தொடங்கியதுதான்.

கேள்வி: போனிலேயே கல்குலேட்டர் இருக்க, பிள்ளைகளுக்கு இதைக் காட்டி என்ன பிரயோசனம்? (வாசகர், தெஹிவளை)

பதில்: பரீட்சைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் 999உடன் 1ஐக் கூட்டிச் சுற்றிக் காட்டுங்கள், 'ஒன்று கொண்டு போ' என்று நாம் சொல்லிச் சொல்லி அலுத்தது சக்கரம் சக்கரமாக நகர்வதைப் பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்கும். என்னைக் கேட்டால் அதற்காகவே ஒரு பின்னேரத்தைச் செலவழிக்கலாம்.

கேள்வி: கைபிடி இறுகிப்போய்விட்டது, தேங்காய் எண்ணெய் விடலாமா? (வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: ஐயோ, வேண்டாம் தங்கச்சி! கொஞ்ச நாளில் அதுவே பிசினாகி இன்னும் இறுக்கும். இப்போது இறுகியிருப்பதும் அனேகமாகப் பழைய எண்ணெய் காய்ந்ததால்தான். பலவந்தமாகத் திருப்பாமல் தையல் மெசின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, ஓரிரு நாள் பொறுத்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் பழைய தட்டச்சு மெசின் திருத்துகிறவர் யாரிடமாவது கொடுங்கள். கடற்காற்று அடிக்கும் ஜன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள், துருப்பிடித்துவிடும்.