ஐந்து மணிக்கு மேல் என்ன செய்கிறீர்கள்?

அன்புள்ள சார்,

நான் ஒரு மாவட்டத் தலைநகரில் அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். குரூப் 4 எழுதி வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. தபால் வாங்குவது, தன்பதிவேட்டில் ஏற்றுவது, நினைவூட்டு அனுப்புவது, இதுதான் என் வாழ்க்கை. சமீபத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவரும் அரசாங்க குமாஸ்தாவாக இருந்து, அந்த வேலையை உதறிவிட்டு எழுத வந்துதான் பெரிய ஆள் ஆனாராம். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எங்கள் ஆபீஸில் ஒரு பெரியவர் வாரிசுச் சான்றுக்காகப் பதினோரு தடவை வந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் மஞ்சப்பையிலிருந்து அதே காகிதங்களை அதே வரிசையில் எடுத்து மேஜைமேல் அடுக்குவார். வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) அறிக்கை வரவில்லை என்று நானும் அதே பதிலைச் சொல்வேன். இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு இலக்கியம் எப்படி வரும்? வேலையை விட்டுவிடலாமா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு கதையும் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

முதல் காரியமாக மனைவியிடம் சொல்லுங்கள். என்னிடம் கேட்பதற்கு முன்னால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய ஆள் அவர்தான்.

இனி மாப்பசான். ‘உதறினார்’ என்ற சொல்லில்தான் எனக்குத் தகராறு. அவர் உதறவில்லை, லீவு போட்டார். அதுவும் உடனே போடவில்லை, எட்டு வருஷம் நாற்காலி தேய்த்த பிறகு.

1850இல் நார்மண்டியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டதால் அம்மாவோடு எத்ரத்தா என்ற கடற்கரை ஊரில் வளர்ந்தார். பாரிசுக்குச் சட்டம் படிக்கப் போன மறு வருஷமே, 1870இல், பிரஷ்யாவோடு யுத்தம். படையில் சேர்ந்தார், தோற்றுப் பின்வாங்கும் ராணுவத்தைக் கிட்டத்தில் இருந்து பார்த்தார். யுத்தம் முடிந்ததும் பிழைப்புக்கு வழி வேண்டுமே, 1872இல் கடற்படை அமைச்சகத்தில் நுழைந்தார். சம்பளம் கிடையாது, காலியிடம் வரும்வரை சும்மா வேலை. 1873இல்தான் மாதம் 125 ஃபிராங்க் என்று ஆயிற்று. அந்த அமைச்சகத்துக்கு அன்றைக்குக் கடற்படையோடு காலனிகளும் பொறுப்பு. புதுச்சேரி, காரைக்கால் சமாச்சாரமெல்லாம் அந்தக் கட்டடத்துக்குத்தான் போய்ச் சேரும். நம்மூர்க் காகிதம் ஏதாவது ஒன்று அந்த ஆளின் மேஜையைத் தாண்டிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆதாரம் இல்லாத சந்தோஷம், விடுங்கள்.

வேலையை அவர் வெறுத்தார், அதில் சந்தேகமே வேண்டாம். ஆபீஸ் முடிந்தால் சீன் நதியில் படகு. நண்பர்கள், பெண்கள், கூத்து. ஞாயிற்றுக்கிழமையானால் ஃப்ளாபேர் வீடு. ஃப்ளாபேர், ‘மதாம் பொவாரி’ எழுதியவர், மாப்பசானின் அம்மாவுக்குச் சிறுவயதுத் தோழர், செத்துப்போன தாய்மாமனுக்கு உயிர் நண்பர். அந்த உரிமையில் பையனைத் தத்தெடுத்த மாதிரி வைத்துக்கொண்டார். அவர் கொடுத்த பயிற்சியைப் பிற்காலத்தில் மாப்பசானே ஒரு முன்னுரையில் எழுதியிருக்கிறார்: வாசலில் உட்கார்ந்திருக்கும் மளிகைக்கடைக்காரனைச் சொல், வேறெந்த மளிகைக்கடைக்காரனோடும் நான் குழப்பிக்கொள்ளாதபடி சொல், வண்டிக் குதிரை ஒன்று நின்றால், முன்னாலும் பின்னாலும் நிற்கிற ஐம்பது குதிரைகளிலிருந்து அது எப்படி வேறு என்று ஒரே வார்த்தையில் காட்டு. ஏழு வருஷம் கவிதை, கதை, மகா மட்டமான ஒரு நாடகம் என்று எழுதி எழுதிக் காட்டியதாகவும், அதில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றும் அதே முன்னுரையில் சொல்கிறார். இடையில் 1875இல் ஒரு கதை அச்சானது, அதுவும் புனைபெயரில்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு 1878ஆம் வருஷக் கடிதப் போக்குவரத்துதான் ஞாபகம் வந்தது. அந்தக் கோடையில் மாப்பசான் ஃப்ளாபேருக்கு ஒரு புலம்பல் எழுதினார். பெண்கள் அலுத்துவிட்டார்கள் (அவர் சொன்ன வார்த்தையை இங்கே போட முடியாது), நிகழ்ச்சிகளில் வகை இல்லை, பாவங்கள்கூட அற்பமாக இருக்கின்றன, வாக்கிய அமைப்புகள் போதவில்லை. சாட்சாத் நீங்கள் எழுதியதுதான். ஃப்ளாபேர் விட்டாரா? அலுத்துவிட்டால் விட்டுவிட வேண்டியதுதானே, நிகழ்ச்சிகளில் வகை இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும், நீ சரியாகப் பார்த்தாயா என்று பிடித்து உலுக்கிவிட்டு, கணக்கு ஒன்று போட்டார். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து காலை பத்து மணிவரை உன் நேரம் முழுக்கக் கலைதேவிக்குக் கொடுக்கலாமே, தம்பி?

எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கும், ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இதைச் சொன்ன மனிதர் அதுவரை ஒரு நாள்கூட ஆபீஸ் போகாதவர். டாக்டர் மகன், சொத்து இருந்தது, ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். ஏழு மணிநேரம் நாற்காலியில் உட்கார்ந்து வந்தவனுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மூளை எப்படி இருக்கும் என்று அவருக்கு என்ன தெரியும்! வேடிக்கை என்னவென்றால் தங்கை மகளின் கணவரைக் கடனிலிருந்து காப்பாற்றப் போய்ச் சொத்தெல்லாம் கரைந்து, 1879இல், ஐம்பத்தேழு வயதில், மஸாரின் நூலகத்தில் வருஷம் 3000 ஃபிராங்குக்கு ஒரு பெயரளவு உத்தியோகத்தை ஃப்ளாபேரே ஏற்றுக்கொள்ள வேண்டிவந்தது. அவமானமாக உணர்ந்தார் என்கிறார்கள். சரி, அது இருக்கட்டும்.

1878 கடைசியில், ஃப்ளாபேரின் சிபாரிசில், மாப்பசான் கல்வி அமைச்சகத்துக்கு மாறினார். ஆக, எழுத்துக்காக அவர் செய்த முதல் காரியம் ராஜினாமா இல்லை, டிரான்ஸ்ஃபர். அங்கே போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு வம்பு. பழைய கவிதை ஒன்று ஆபாசம் என்று எதாம்ப் நகரத்து அரசு வழக்கறிஞர் 1880 தொடக்கத்தில் வழக்குப் போடப் பார்த்தார். நடத்தை விதி, மெமோ, விளக்கம் கேட்டுக் கடிதம், இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆள் நடுங்கிவிட்டார், வேலை போய்விடும் என்று. ஃப்ளாபேர் ‘லெ கோலுவா’ பத்திரிகையில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார், வழக்கு கைவிடப்பட்டது. மூன்று மாதம் கழித்து வேலையை விட்டு நகரப்போகிற மனிதன், அந்த மாதத்தில் அதே வேலை போய்விடுமோ என்று தூங்காமல் இருந்திருக்கிறான் பாருங்கள்.

ஏப்ரலில் நாவலாசிரியர் ஸோலாவும் ஐந்து இளைஞர்களும் சேர்ந்து ஆளுக்கொரு யுத்தக் கதையாகப் போட்ட தொகுப்பு வந்தது. அதில்தான் மாப்பசானின் ‘பூல் த சுயிஃப்’, கொழுப்பு உருண்டை என்று பட்டப்பெயர் பெற்ற அந்தத் தாசியின் கதை. ஒரே கதையில் பாரிஸ் முழுக்கப் பெயர். அச்சாகும் முன்பே படித்துவிட்டு இது காலத்துக்கும் நிற்கும் என்று சொன்ன ஃப்ளாபேர் மே 8ஆம் தேதி இறந்துபோனார். மே முடிவதற்குள் லெ கோலுவாவில் வாராவாரம் எழுத ஒப்பந்தம் ஆகிவிட்டது. ஒப்பந்தம் கையில் வந்த பிறகுதான், ஜூனில், உடம்பு சரியில்லை என்று லீவு. உடம்பு உண்மையிலேயே சரியில்லை, சிஃபிலிஸ் ஏற்கெனவே தொற்றியிருந்தது. லீவை நீட்டித்து நீட்டித்து, 1882இல்தான் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்தார்கள். நார்மண்டிக்காரர்களைக் கெட்டிக்கார விவசாயிகள் என்று பிரெஞ்சுக்காரர்கள் கேலி பண்ணுவதுண்டு, சும்மா இல்லை.

அப்புறம் வந்த சுதந்திரத்தையும் கொஞ்சம் பாருங்கள். வாராவாரம் பத்திரிகைக்குக் கதை கொடுத்தாக வேண்டும். லெ கோலுவா ஒப்பந்தம் இருந்ததால் ‘ஜில் ப்ளா’ பத்திரிகைக்கு மோஃப்ரிஞேஸ் என்ற வேறு பெயரில் எழுதினார். ஏறக்குறைய 300 கதை, ஆறு நாவல், மூன்று பயண நூல், எல்லாம் சுமார் பதினோரு வருஷத்துக்குள். பணம் வந்தது, எத்ரத்தாவில் வீடு, சொந்தப் பாய்மரப் படகு. 1892 புத்தாண்டு சமயத்தில் கான் நகரில் கழுத்தை அறுத்துக்கொள்ளப் பார்த்தார், பாரிசுக்குக் கொண்டுவந்து மனநோய் விடுதியில் சேர்த்தார்கள், 1893 ஜூலையில் முடிந்துவிட்டது. 43 வயதுகூட ஆகவில்லை.

நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும். ஆபீஸில் உட்கார்ந்தால் இலக்கியம் எப்படி வரும் என்று கேட்டீர்கள். மாப்பசானுக்கு அது ஆபீஸிலிருந்துதான் வந்தது. லீவு போட்ட கையோடு லெ கோலுவாவுக்கு எழுதிய முதல் தொடர் யாரைப் பற்றி? பாரிசில் ஓர் அமைச்சக குமாஸ்தா தன் ஞாயிற்றுக்கிழமைகளை எப்படிக் கழிக்கிறார் என்பதைப் பற்றி. ‘வாரிசுச் சொத்து’ என்ற நெடுங்கதை கடற்படை அமைச்சகத்தின் வாசலில் ஆரம்பிக்கிறது. மணி பத்து ஆகவில்லை, குமாஸ்தாக்கள் வெள்ளம் போல உள்ளே நுழைகிறார்கள், ஏனென்றால் புத்தாண்டு நெருங்குகிறது, சுறுசுறுப்புக்கும் பதவி உயர்வுக்குமான பருவம் அது. பதவி உயர்வு பட்டியல் வரும் மாதத்தில் மட்டும் ஒன்பதே முக்காலுக்கு வந்து உட்காரும் ஆட்களை நீங்கள் பார்த்ததே இல்லையா?

‘நெக்லஸ்’ கதையை எல்லோரும் கடைசித் திருப்பத்துக்காகப் படிக்கிறார்கள். போலி நகை, பத்து வருஷம் வீண், அடடா. நான் அதை நானூறு ஃபிராங்குக்காகப் படிக்கிறேன். புருஷன் கல்வி அமைச்சகத்தில் குமாஸ்தா, மாப்பசான் உட்கார்ந்திருந்த அதே அமைச்சகம். மந்திரி வீட்டு விருந்துக்கு அழைப்பு வாங்கிக்கொண்டு பெருமையாக வருகிறான், மனைவி உடுப்பு இல்லை என்று அழுகிறாள். எவ்வளவு ஆகும் என்கிறான். அவள் மனசுக்குள் கணக்குப் போட்டு, சிக்கனக்காரப் புருஷன் அலறாத ஒரு தொகையாகத் தேடி, நானூறு என்கிறாள். அவன் முகம் கொஞ்சம் வெளுக்கிறது. ஏனென்றால் அதே நானூறை அவன் ஒரு துப்பாக்கி வாங்க ஒதுக்கி வைத்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு வானம்பாடி சுடப் போவதற்கு. அவளிடம் துப்பாக்கிப் பேச்சையே எடுக்காமல் சரி என்கிறான். இந்த முகவெளுப்பை, சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்டு 125 ஃபிராங்க் வாங்கி எண்ணிப் பார்த்தவனைத் தவிர யார் எழுத முடியும்?

‘பெல் அமி’ நாவல் ஜூன் 28ஆம் தேதி தொடங்குகிறது. கதாநாயகன் ரயில்வே ஆபீஸில் வருஷம் 1500 ஃபிராங்க் வாங்குபவன். மாதம் முடிய அவன் பையில் மூன்று ஃபிராங்க் நாற்பது. இரண்டு ராச்சாப்பாடு, அப்போது மத்தியானம் பட்டினி. இல்லை இரண்டு மத்தியானச் சாப்பாடு, அப்போது ராத்திரி பட்டினி. நூற்றிருபத்தைந்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள், அந்த 1500 எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

எல்லோரும் விட்டுவிட்டுத்தான் எழுதினார்கள் என்றும் இல்லை. ஸோலாவின் அந்தத் தொகுப்பிலேயே எழுதிய ஹுய்ஸ்மான்ஸ் உள்துறை அமைச்சகத்தில் 1866இல் சேர்ந்து 1898 வரை, முப்பத்திரண்டு வருஷம், ஒழுங்காக ஆபீஸ் போனார். பிரெஞ்சு இலக்கியத்தையே புரட்டிப்போட்ட நாவல் ஒன்றை நடுவில் எழுதினார். 1893இல் அரசாங்கம் அவருக்கு விருது கொடுத்தபோது நாவலுக்காகக் கொடுக்கவில்லை, நல்ல ஊழியர் என்பதற்காகக் கொடுத்தது!

இப்போது உங்கள் கதை. படித்தேன். இமயமலை அடிவாரம், ஒரு துறவி, பனி, மௌனம். நீங்கள் அங்கே போனதில்லை என்று இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிட்டது; அந்தப் பனி குளிரவில்லை. துறவி பேசுவதெல்லாம் எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறது. ஆனால் கடிதத்தில், புலம்பலுக்கு நடுவே, நீங்கள் கவனிக்காமலே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அதே காகிதங்களை அதே வரிசையில் எடுத்து அடுக்குவார். இருபத்தெட்டு பக்கத் துறவிக்குக் கிடைக்காத உயிர் அந்த மஞ்சப்பைக்கு இருக்கிறது. எந்தக் காகிதம் முதலில் வருகிறது, இறப்புச் சான்றா, ரேஷன் கார்டு நகலா? ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறாரா, நூலால் கட்டியிருக்கிறாரா? நீங்கள் அதே பதிலைச் சொல்லும்போது அவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறாரா, காகிதத்தைப் பார்க்கிறாரா? திரும்பவும் அதே வரிசையில்தான் உள்ளே வைக்கிறாரா?

சாயங்காலம் வீட்டுக்குப் போய் இதில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். ராஜினாமாவைப் பற்றி அடுத்த கடிதத்தில் பேசலாம். அதற்கு முன்னால் ஆர்.ஐ.க்கு ஒரு போன் போட்டு, அந்தப் பெரியவரின் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பன்னிரண்டாவது தடவை வேண்டாம்.