கேமரா கேள்வி-பதில்: மிரர்லெஸ்ஸா, பாக்கெட் காம்பாக்ட்டா?

கேள்வி: வீட்டில் குழந்தைகளையும் வெளியூர்ப் பயணங்களையும் படம் எடுக்க ஒரு கேமரா வாங்க வேண்டும். ஏபிஎஸ்-சி சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய மிரர்லெஸ், கூடவே வரும் 16-50 கிட் லென்ஸ் ஒரு பக்கம். 1 இன்ச் சென்சார் உள்ள, லென்ஸைக் கழற்ற முடியாத காம்பாக்ட் இன்னொரு பக்கம். ‘சென்சார் மூன்று மடங்கு பெரிசு, யோசிக்காமல் மிரர்லெஸ் வாங்கு’ என்கிறார்கள். வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பரப்பளவில் மூன்று மடங்கு என்பது உண்மைதான். ஏபிஎஸ்-சி சென்சார் 23.5 × 15.6 மி.மீ.; 1 இன்ச் சென்சார் 13.2 × 8.8 மி.மீ. ஆனால் இந்தக் கணக்கில் லென்ஸ் விட்டுப்போகிறது. அண்டா எவ்வளவு பெரிசாக இருந்தாலும் குழாய் சிறிசு என்றால் நிரம்ப நேரமாகும்.

குழாயின் அளவை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லென்ஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், வெளிச்சம் நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். காம்பாக்ட்டுக்கு உதாரணமாக சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் லென்ஸ் 8.8-25.7 மி.மீ., எஃப் 1.8-2.8. ஜூமை முழுக்க நீட்டினால் 25.7-ஐ 2.8-ஆல் வகுக்க, துளை 9.2 மி.மீ. அதே அளவு காட்சி கிட் லென்ஸில் வர வேண்டுமானால் ஏறக்குறைய 47 மி.மீ.க்கு ஜூம் செய்ய வேண்டும். அங்கே எஃப் எண் 5.6. துளை 8.4 மி.மீ.தான். அகலக் கோணத்திலும் இதே கதை: காம்பாக்ட்டில் 4.9 மி.மீ., கிட் லென்ஸில் 4.6 மி.மீ. சென்சாரில் பெற்றதை லென்ஸில் விட்டுவிடுகிறீர்கள்.

இரவு நேரத்துக் கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில் குழந்தை உட்கார்ந்து விளையாடுகிறது என்று வையுங்கள். எஃப் 2.8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 விநாடி என்றால் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்குச் சென்சார் காட்டும் உணர்திறன், 3200 போல வரும். கிட் லென்ஸின் எஃப் 5.6-இல் அதே ஷட்டருக்கு ஐஎஸ்ஓ 12800 தேவை. 1 இன்ச் சென்சாரின் 3200-ஐயும் ஏபிஎஸ்-சி-யின் 12800-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புள்ளிப்புள்ளியாகத் தெரியும் நாய்ஸ் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

இப்போது அதே மிரர்லெஸ்ஸில் கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டுங்கள். துளை 19.4 மி.மீ. ஆகிறது, ஐஎஸ்ஓ 1250-க்கு இறங்குகிறது. ஜூம் இல்லாததால் இரண்டு எட்டு முன்னே போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் படத்தில் தோலின் நிறம், கண்ணின் ஒளி எல்லாம் தெளிந்து வரும். பெரிய சென்சாருக்குக் கொடுத்த பணம் அந்த இரண்டாவது லென்ஸ் வந்த பிறகுதான் கைக்கு வருகிறது.

ஆகவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரு வருடத்துக்குள் இரண்டாவது லென்ஸ் வாங்குவீர்களா, வாங்கியதைத் தூக்கிக்கொண்டு போவீர்களா? ஆம் என்றால் மிரர்லெஸ். கிட் லென்ஸ் கழலாமலேயே ஐந்து வருடம் இருக்கும் என்றால் காம்பாக்ட்டே போதும். அதுதான் தினமும் உங்களோடு வரும்.

இரண்டு விஷயங்களை மறைக்கக் கூடாது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100-இல் எடுக்கும்போது பெரிய சென்சாரின் பலம் கிட் லென்ஸோடும் தெரியும். மேகத்தின் வெண்மையும் நிழலின் விவரமும் ஒரே படத்தில் அதிகம் தங்கும். அடுத்து, மேலே சொன்ன கணக்கு எஃப் 1.8-2.8 லென்ஸ் உள்ள காம்பாக்ட்டுக்கு மட்டும். ஆர்எக்ஸ்100 மார்க் 7 போல, 35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்கில் 24-200 மி.மீ. வரை நீளும் ஜூம் என்றால் லென்ஸ் எஃப் 2.8-4.5. வெளியூருக்கு அருமை, இரவுக் கூடத்தில் பின்தங்கும்.

கேள்வி: 1 இன்ச் என்றால் 25.4 மி.மீ. அல்லவா? சென்சாரின் எந்தப் பக்கமும் அவ்வளவு இல்லையே!

பதில்: மூலைவிட்டம்கூட 15.9 மி.மீ.தான். பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் சென்சாருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் இருந்தது. குழாயின் வெளி விட்டத்தைச் சொல்லி அளவிடுவது அப்போதைய பழக்கம். படம் விழும் பகுதி அதில் மூன்றில் இரண்டு பங்குதான். குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வாங்கும்போது இன்ச் கணக்கைப் பார்க்காமல் மி.மீ. அளவைக் கேளுங்கள்.

கேள்வி: கையில் நல்ல மொபைல் இருக்கிறது. காம்பாக்ட் வாங்கினால் வித்தியாசம் தெரியுமா?

பதில்: 1/2.3 இன்ச் சென்சார் உள்ள சிறிய காம்பாக்ட் என்றால் வேண்டாம். அந்தச் சென்சார் 6.2 × 4.6 மி.மீ.தான், இன்றைய நல்ல மொபைல்களின் முதன்மைக் கேமராவில் இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. அதோடு மொபைல் பல படங்களை ஒன்றாகச் சேர்த்து நாய்ஸைக் குறைத்துவிடும். 1 இன்ச் காம்பாக்ட் என்றால் இடைப்பட்ட ஜூம்களிலும் முழுத் தெளிவு இருக்கும். இன்னொன்று ஃப்ளாஷ். காம்பாக்ட்டின் செனான் ஃப்ளாஷ் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் மின்னி அணைவதால் துள்ளும் குழந்தை அப்படியே உறைந்து நிற்கும். மொபைலின் எல்இடி விளக்கால் அது முடியாது.

கேள்வி: பெரிய சென்சாரும் வேண்டும், பாக்கெட்டிலும் அடங்க வேண்டும். அப்படி ஒன்று இல்லையா?

பதில்: இருக்கிறது, ஜூமை மறந்தால். 2019-இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3-இல் முழு ஏபிஎஸ்-சி சென்சார். பேட்டரியோடு 257 கிராம், தடிமன் 33 மி.மீ. சட்டைப் பாக்கெட்டிலேயே போகும். லென்ஸ், ஃபிலிம் கேமரா கணக்கில் 28 மி.மீ.க்குச் சமமான ஒரே கோணம், எஃப் 2.8. கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கிடையாது, உள்ளே ஃப்ளாஷ் கிடையாது, ஒரு சார்ஜில் சுமார் 200 படம். 50 மி.மீ. அளவுக்கு வெட்டி எடுக்கும் வசதி இருந்தாலும் 24 மெகாபிக்சல் 7 ஆகச் சுருங்கிவிடும்.

ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அழகான கேமரா, வ்யூஃபைண்டரும் எஃப் 2 லென்ஸும் உண்டு. ஆனால் 2024-இல் வந்த ஆறாம் பதிப்பின் எடை 521 கிராம். சோனி ஏ6400-ஐ 16-50 கிட் லென்ஸோடு நிறுத்தால் 519 கிராம். பாக்கெட்டுக்காக என்றால் இதை வாங்காதீர்கள்.

கேள்வி: பயன்படுத்திய காம்பாக்ட் ஒன்று விலைக்கு வருகிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: காம்பாக்ட்டில் முதலில் பழுதாவது மின்னணு அல்ல, நீளும் லென்ஸ். ஒவ்வொரு முறை நீண்டு சுருங்கும்போதும் காற்றை இழுத்து விடுகிறது; காற்றோடு தூசியும் போகிறது. மிரர்லெஸ் போல லென்ஸைக் கழற்றித் துடைக்க வழியில்லை, முழுவதையும் பிரிக்க வேண்டும். அதனால் தூசிச் சோதனையை விடவே கூடாது. வெள்ளைச் சுவரைப் பார்த்து அப்பெர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, எஃப் 11-க்குச் சுருக்கி, ஜூமை முழுக்க நீட்டி ஒரு படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கி மூலைக்கு மூலை நகர்த்திப் பாருங்கள். மங்கலான சாம்பல் வட்டங்கள் தெரிந்தால் தூசி சென்சாரில் உட்கார்ந்துவிட்டது.

பிறகு கேமராவைப் பத்து முறை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். லென்ஸ் ஒரே சீராக வந்து போக வேண்டும். கரகர என்று சத்தம் வந்தால் உள்ளே மணல். கடற்கரை மணலில் விழுந்த கேமரா இப்படித்தான் சாகும்: பல்சக்கரத்தில் மணல் சிக்கி லென்ஸ் பாதியில் நின்றுவிடும். அப்போது கையால் இழுத்தாலோ அழுத்தினாலோ பல்லும் உடைந்துபோகும். லென்ஸை மூடும் மெல்லிய தகடுகள் இரண்டும் முழுதாக மூடுகின்றனவா என்றும் கவனியுங்கள்.

கீழே விழுந்த கேமராவைக் கண்டுபிடிக்க ஒரு செய்தித்தாள் போதும். விரித்துச் சுவரில் ஒட்டி, நேர் எதிரே நின்று, அகலக் கோணத்தில் எஃப் 2.8-இல், தாள் படம் முழுக்க நிறையும்படி எடுங்கள். நான்கு மூலையும் ஒரே அளவு மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் கலங்கினால் லென்ஸ் அச்சு விலகியிருக்கிறது, வாங்காதீர்கள்.

கடைசியாகப் பேட்டரியை வெளியே எடுங்கள். தானாக நழுவி வராமல் இறுகிக்கொண்டால் அது உப்பியிருக்கிறது. சார்ஜ் போர்ட்டையும் பாருங்கள். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் கேமராக்களுக்கு யுஎஸ்பி-சி கட்டாயம். அதற்கு முந்தைய காம்பாக்ட்களில் பெரும்பாலும் மைக்ரோ யுஎஸ்பிதான்.

கேள்வி: மிரர்லெஸ் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. வானத்தை எடுத்தால் வலது மேல் மூலையில் ஒரு கரும்புள்ளி. லென்ஸை மாற்றினாலும் போகவில்லை.

பதில்: லென்ஸ் மாறியும் புள்ளி மாறவில்லை என்றால் தூசி சென்சார் மேல் இருக்கிறது. சென்சாரில் படம் தலைகீழாக விழுவதால், கேமராவை நிமிர்த்தி முன்னால் நின்று பார்த்தால் அந்தத் தூசி வலது கீழ் மூலையில் இருக்கும்.

மெனுவில் சென்சார் க்ளீனிங் செய்து ஆஃப் செய்யுங்கள். லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து, ரப்பர் ப்ளோயரால் ஏழெட்டு முறை ஊதுங்கள். ப்ளோயரின் மூக்கு உள்ளே நுழையக் கூடாது. வாயால் ஊதினால் எச்சில் துளி ஒட்டிக்கொள்ளும். டப்பாவில் அடைத்து விற்கும் காற்றும் கூடாது. அதிலுள்ள திரவம் சென்சாரில் பீய்ச்சிப் படிந்துவிடும். எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை மறுபடி எடுத்துப் பாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால்தான் ஈர ஸ்வாப் (சென்சார் துடைக்கும் துணிக்குச்சி). ஏபிஎஸ்-சி-க்கு 16 மி.மீ. அகலம், அதற்குரிய திரவம் இரண்டு சொட்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே இழுப்பு, ஸ்வாப்பைத் திருப்பி மறு இழுப்பு, பிறகு குப்பையில் போட்டுவிடுங்கள். ஷேக்கைக் குறைக்கும் வசதி உடலிலேயே உள்ள கேமராக்களில் சென்சார் மிதந்துகொண்டிருக்கும். அதை அழுத்தினால் ஆபத்து, சர்வீஸ் சென்டரில் கொடுப்பதே நல்லது.

கேள்வி: அரங்கத்தில் சத்தம் வரக் கூடாது என்று சைலண்ட் ஷட்டர் போட்டேன். எல்லாப் படத்திலும் குறுக்கே கறுப்புப் பட்டைகள். கேமரா பழுதா?

பதில்: பழுது இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. சைலண்ட் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். சில கேமராக்களில் இதற்கு 1/20 விநாடிகூட ஆகும். அதற்குள் விளக்கு ஐந்து முறை மங்கிவிடுவதால் ஐந்து பட்டைகள். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். முடியாவிட்டால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/125. இந்த இடத்தில் காம்பாக்ட் ஜெயிக்கிறது. அதன் மெக்கானிக்கல் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் மெல்லிய ‘டிக்’தான் கேட்கும், பட்டையும் விழாது.

கேள்வி: பறவைகளை எடுக்க ஆசை. காம்பாக்ட் போதுமா?

பதில்: போதாது. ஏபிஎஸ்-சி மிரர்லெஸ்ஸில் குறைந்தது 300 மி.மீ. லென்ஸ், ஷட்டர் 1/1000-க்கு மேல். கிட் லென்ஸாலும் ஆகாது.

கேள்வி: கேமராவை ஆட்டோ மோடில் விட்டால் ஓடும் குழந்தை எப்போதும் கலங்கலாக வருகிறது.

பதில்: ஆட்டோ, நாய்ஸுக்குப் பயந்து ஷட்டரை 1/60-க்கு இறக்கிவிடும். அப்பெர்ச்சர் முன்னுரிமைக்கு (துளையை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறை) மாறி, ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவில் குறைந்தபட்ச ஷட்டர் 1/500, உச்ச ஐஎஸ்ஓ 6400 என்று வைத்துவிடுங்கள். வீட்டுக்குள் 1/250. நாய்ஸைப் பிறகு கணினியில் குறைத்துக்கொள்ளலாம். கலங்கிய முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் எப்படிக் காப்பது?

பதில்: ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பதமானி போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். தோல் உறைக்குள் மட்டும் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிரர்லெஸ்ஸில் பூஞ்சை பிடித்த லென்ஸை ஒதுக்கிவிட்டு வேறொன்றை மாட்டலாம். காம்பாக்ட்டில் பிடித்தால் முழுக் கேமராவும் போச்சு, அதனால் அதற்குத்தான் டப்பாவில் முதல் இடம்.

கேள்வி: புதுப் பேட்டரியை முதல் தடவை முழுக்கக் காலியாக்கிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். லித்தியம் அயான் பேட்டரிக்கு அந்தப் பழக்கம் கெடுதல். மாதக்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் கழற்றி வையுங்கள். காம்பாக்ட் வாங்கினால் கேமராவோடு சேர்த்தே இன்னொரு பேட்டரியும் வாங்கிவிடுங்கள். ஒரு நாள் பயணத்துக்கு ஒன்று போதாது.