காளான் எந்தக் கட்சி?

கேள்வி: காளான் சமைத்தால் என் மாமியார் தொடுவதில்லை, "அது அசைவம்" என்கிறார். ஏழாவது படிக்கும் மகளோ, "அது செடியே இல்லைம்மா" என்கிறாள். காளானை எதில்தான் சேர்ப்பது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மகள் சொல்வது சரி, அம்மா. காளான் செடியும் இல்லை, விலங்கும் இல்லை. அது பூஞ்சை உலகத்தைச் சேர்ந்தது.

நான் தாவரவியல் படித்த காலத்தில் பாசியையும் பூஞ்சையையும் தாலோஃபைட்டா என்ற ஒரே பிரிவில் வைத்துத்தான் நடத்தினார்கள். 18ஆம் நூற்றாண்டில் உயிர்களை வகைப்படுத்திய ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் காளானைத் தாவரங்களோடு சேர்த்திருந்தார். மண்ணில் முளைக்கிறது, நகர்வதில்லை, வேறெங்கே வைப்பது? 1969இல் அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட் விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்துப் பூஞ்சைக்குத் தனி இடம் கொடுத்தார். பாடநூல்களும் மெல்ல மாறின.

தனி இடம் ஏன் என்று கேட்டால், அது சாப்பிடும் முறையைத்தான் சொல்வேன். காளானுக்குப் பச்சையம் கிடையாது, அதனால் செடியைப் போலத் தானே உணவு தயாரிக்க முடியாது. காளான் வளர்ப்பவரிடம் போனால் வைக்கோல் பை ஒன்றை மகளுக்குக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல் பின்னியிருக்கும். காளானின் உடம்பே அதுதான். அந்த இழைகள் நொதிகளைக் கசியவிட்டு, வைக்கோலை வெளியிலேயே செரித்து, சத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. நாம் குழம்பு வைக்கும் குடை, வித்துத்தூள் பரப்புவதற்காக வெளியே தலைகாட்டும் பாகம் மட்டும்தான்.

அப்புறம் இன்னொன்று, எனக்கு இன்றும் வியப்பு தருவது. செடியின் செல்சுவர் செல்லுலோஸால் ஆனது. பூஞ்சையின் சுவரிலோ கைட்டின் இருக்கிறது. இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள். நம் கல்லீரலைப் போலவே பூஞ்சையும் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளாகச் சேமித்து வைக்கிறது. மரபணுக்களை ஒப்பிட்டபோது, பூஞ்சைகள் செடிகளைவிட விலங்குகளுக்குத்தான் நெருங்கிய உறவு என்று தெரியவந்தது.

இந்த உறவால் மருத்துவத்தில் ஒரு சிக்கல் உண்டு. பாக்டீரியாவின் செல் நம்முடையதிலிருந்து வெகுவாக மாறுபட்டது. பூஞ்சையின் செல்லோ நம்முடையதை ஒத்தது, அதனால் நம்மைப் பாதிக்காமல் அதை மட்டும் அழிக்கும் மருந்து அமைவது கடினம். நம் செல்சவ்வில் கொலஸ்ட்ரால் உள்ள இடத்தில் பூஞ்சைக்கு எர்கோஸ்டீரால் என்ற வேறொரு கொழுப்புப்பொருள் இருக்கிறது. படர்தாமரைக்குத் தரும் மருந்துகள் பலவும் அந்த ஒரு வேறுபாட்டைத்தான் குறிவைக்கின்றன.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். சைவம், அசைவம் என்பது அவரவர் வீட்டு வழக்கம்; அறிவியல் வகைப்பாடு அதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. காளானுக்கு ரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அதற்கு மேலும் வேண்டாம் என்றால், அவருக்குத் தனியாக ஒரு கூட்டு வைத்துவிடுங்கள்.