வாசகர் கேள்வி–பதில்: மலிவு விலை சிக்னல் ஜெனரேட்டர்

கேள்வி: எக்ஸ்ஆர்2206 (சைன், முக்கோண, சதுர அலைகளை உண்டாக்கும் ஐ.சி.) சிக்னல் ஜெனரேட்டர் கிட் ஒன்றைச் சால்டர் செய்து 9 வோல்ட் அடாப்டரில் ஓட்டுகிறேன். ஆஸிலாஸ்கோப்பில் (அலையின் வடிவைத் திரையில் காட்டும் கருவி) சைன் அலையின் உச்சி தட்டையாகத் தெரிகிறது. உச்சிதோறும் ஊசி மாதிரி ஒரு கீற்றும் நிற்கிறது. ஐ.சி. போலியா? (ஈரோடு வாசகர்)

பதில்: போலி என்று முடிவுகட்ட அவசரம் வேண்டாம். இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். இந்த ஐ.சி.க்குக் குறைந்தது 10 வோல்ட் தேவை. 9 வோல்ட்டில் அலை ஏற இடமில்லாமல் தலை நசுங்கிவிடும். 12 வோல்ட் கொடுத்து, 3-ஆம் காலில் உள்ள அளவுக் கன்ட்ரோலைக் கொஞ்சம் குறையுங்கள்.

ஊசிக்குக் காரணம் 11-ஆம் கால். சதுர அலை அங்கிருந்துதான் வருகிறது. சைன் அலை உச்சியைத் தொடும் அதே நொடியில் சதுர அலை புரள்வதால், அந்த உதறல் சப்ளை வழியாக உச்சியிலேயே வந்து உட்காருகிறது. 11-ஆம் காலையும் பாசிட்டிவையும் இணைக்கும் ரெசிஸ்டரின் ஒரு முனையைத் தூக்கிப் பாருங்கள். ஊசி மறைந்தால் காரணம் உறுதி. அந்த இடத்தில் சின்ன சுவிட்ச் போட்டு, சதுர அலை வேண்டும்போது மட்டும் இணைத்துக்கொள்ளலாம். 4, 12 கால்களுக்கு நடுவே, போர்டின் அடிப்பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் சால்டர் செய்யுங்கள்.

உண்மையான பலன் இனிதான். 13, 14 கால்களுக்கு இடையிலுள்ள ரெசிஸ்டரைக் கழற்றி 500 ஓம் பிரிசெட் (திருப்பி மதிப்பை மாற்றக்கூடிய சின்ன ரெசிஸ்டர்) வையுங்கள். 15, 16-இல் 25 கிலோ ஓம் பிரிசெட்டின் இரு முனைகள், நடுக்கால் கிரவுண்டுக்கு. பெரியதை நடுவில் நிறுத்திவிட்டுச் சின்னதைத் திருப்புங்கள்: ஓம் கூடினால் அலை முக்கோணமாகக் கூராகும், குறைந்தால் தலை தட்டையாகும். உருண்டு வந்ததும் பெரியதைத் திருப்பி மேல், கீழ்ப் பாதிகளைச் சமப்படுத்துங்கள். 2.5 சதவீதம் அளவில் இருந்த திரிபு (சைன் வடிவிலிருந்து விலகல்) 0.5 சதவீதத்துக்கு இறங்கும்.

கேள்வி: அதே கிட்டை ஆம்ப்ளிஃபையரில் சொருகினால் ‘டப்’ என்கிறது, ஸ்பீக்கரில் நேராகக் கொடுத்தால் சத்தமே இல்லை. (மதுரை வாசகி)

பதில்: எக்ஸ்ஆர்2206-இன் 2-ஆம் காலில் (சைன் அலை வெளிவரும் கால்) சப்ளையில் பாதி, சுமார் 6 வோல்ட் டிசி நிற்கிறது. ‘டப்’ அதனால்தான். அதன் உள் எதிர்ப்பும் சுமார் 600 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் சிக்னல் படுத்துவிடும். இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள் உள்ள என்இ5532 ஐ.சி.யில் ஒரு பாதியைப் பயன்படுத்துங்கள்: எக்ஸ்ஆர்2206-இன் 2-ஆம் காலிலிருந்து என்இ5532-இன் 3-க்கு, அதன் 1-ஐயும் 2-ஐயும் சேர்த்து, 8-க்கு 12 வோல்ட், 4-க்கு கிரவுண்டு. 1-லிருந்து 47 ஓம், பிறகு 47 மைக்ரோஃபாரட் (பாசிட்டிவ் ஐ.சி. பக்கம்). கடைசியில் 100 கிலோ ஓம் ஒன்றைக் கிரவுண்டுக்குப் போட்டால், ஜெனரேட்டரை முதலில் ஆன் செய்து பிறகு சொருகும்போது ‘டப்’ வராது. ஸ்பீக்கரை இதுவும் ஓட்டாது. ஆம்ப்ளிஃபையர் சோதனைக்குப் போதும்.

கேள்வி: இரண்டு பின் பிளக் உள்ள டிஜிட்டல் ஜெனரேட்டரின் பிஎன்சி (சிக்னல் கேபிள் சொருகும் வட்ட சாக்கெட்) உலோகத்தைத் தொட்டால் சுருக்கென்கிறது. (கோவை வாசகர்)

பதில்: உள்ளே உள்ள எஸ்எம்பிஎஸ்ஸின் (மெயின்ஸைக் குறைந்த வோல்ட்டாக்கும் பவர் சப்ளை) ஒய் கெபாசிட்டர் (மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே இருப்பது) வழியே கசிவது அது. 2.2 நானோஃபாரட் என்றால் அதிகபட்சம் 0.16 மில்லியாம்ப்தான். ஆனால் எர்த்தோடு ஒப்பிட்டால் மீட்டர் 100 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அந்த நிலையில் சொருகினால் சோதிக்கும் சர்க்யூட்டிலுள்ள மாஸ்ஃபெட்டின் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) கேட் போய்விடலாம். ஒய் கெபாசிட்டரைக் கழற்றாதீர்கள். மூன்று பின் இன்லெட் மாற்றி, எர்த் ஒயரை பிஎன்சி கிரவுண்டில் இணையுங்கள். திறப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள். பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் தங்கியிருக்கும், 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். அதன்பின் கிரவுண்டு கிளிப் எர்த்தோடு சேர்ந்தது என்பதால், மெயின்ஸோடு தொடர்புள்ள சர்க்யூட்டில் அதை மாட்டக் கூடாது.