கேள்வி-பதில்: பல்கலைக்கழகக் கட்டடங்களும் அவற்றின் பெயர்களும்

கேள்வி: கல்லூரிச் சுற்றுலாவில் சேப்பாக்கம் சென்றபோது சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைப் பார்த்தோம். ஒரு பல்கலைக்கழகம் தன் பழைய பெருங்கட்டடமாக வகுப்பறைகளையோ நூலகத்தையோ கட்டாமல், ஒரு மண்டபத்தைக் கட்டியது ஏன்? அதற்கு எந்தப் பெரியவரின் பெயரும் வைக்கப்படாதது ஏன்?
— மாணவி, பைசுஅள்ளி, தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றேதான். 1857 செப்டம்பர் 5ஆம் நாள் சட்டத்தின் வழியே சென்னைப் பல்கலைக்கழகம் உருவானபோது அது பாடம் நடத்தும் இடமாக இருக்கவில்லை. அதே ஆண்டில் தொடங்கப்பெற்ற கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களைப் போலவே இதுவும் லண்டன் பல்கலைக்கழகத்தின் முறையைப் பின்பற்றியது. அதாவது, கற்பிக்கும் வேலை கல்லூரிகளுடையது. பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதும் மட்டுமே பல்கலைக்கழகத்தின் வேலை. வகுப்பே நடத்தாத நிறுவனத்திற்கு வகுப்பறை எதற்கு? அதன் உறுப்பினர் அவையான செனட் கூடுவதற்கும், பட்டமளிப்பு விழா நடத்துவதற்கும் ஒரு பெரிய மண்டபம்தான் தேவைப்பட்டது. கட்டடம் எந்த வேலைக்காக எழுந்ததோ அந்த வேலையே அதற்குப் பெயராயிற்று.

அதை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோல்ம். சென்னையின் விக்டோரியா பப்ளிக் ஹாலும் மாநிலக் கல்லூரியின் கடற்கரைக் கட்டடமும் அவருடைய வடிவமைப்புகளே. செனட் ஹவுஸின் கட்டுமானம் 1874இல் தொடங்கி 1879இல் முடிந்தது. பக்கத்திலேயே ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை நின்றதால், அதற்கு ஒவ்வாத ஐரோப்பியக் கட்டடம் ஒன்றை அங்கே நிறுத்துவதை சிஷோல்ம் விரும்பவில்லை. இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகள் கலந்த, இன்று நாம் இந்தோ-சாரசெனிக் என்று அழைக்கும் பாணியில், நான்கு மூலைகளிலும் குமிழ் மாடம் தாங்கிய கோபுரங்களை எழுப்பி, பைசாந்தியக் கட்டடக்கலையின் கூறுகளையும் சேர்த்துக் கட்டினார். அடுத்த முறை செல்லும்போது வெளித்தோற்றத்தோடு நின்றுவிடாமல், அனுமதி கிடைத்தால் உள்ளே சென்று வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் வழியே வெளிச்சம் விழும் நேரத்தில் மண்டபத்தைப் பாருங்கள். பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த அந்த மண்டபம், பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டு விழாவை ஒட்டித்தான் புதுப்பிக்கப்பட்டது.

கேள்வி: சேப்பாக்கத்துக் கட்டடங்களுக்கும் எங்கள் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா, ஐயா? அல்லது அவையெல்லாம் சென்னைக்காரர்களின் சரித்திரம் மட்டும்தானா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓசூர்

பதில்: நிச்சயமாக உண்டு. முதலில், மிக எளிய தொடர்பைச் சொல்லிவிடுகிறேன். 1997 செப்டம்பர் 17ஆம் நாள் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கப்படும் வரை, தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றவையாகவே இருந்தன. ஆகவே உங்கள் தலைமுறையில் இங்கே படித்து முடித்தவர்களின் பட்டச் சான்றிதழ் சேப்பாக்கத்திலிருந்துதான் வந்திருக்கும். பெட்டியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியமான தொடர்பு, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்த ராஜாஜி வழியாக வருகிறது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி தேர்தல் நடந்து, 1937 ஜூலையில் அவர் சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவி அன்று அப்படித்தான் அழைக்கப்பட்டது) பொறுப்பேற்றபோது, புதிய சட்டமன்றப் பேரவை கூடிய இடம் இந்தச் செனட் ஹவுஸ்தான். 1937 ஜூலை 14 முதல் டிசம்பர் 21 வரை அங்கே கூடிய பேரவை, 1938 ஜனவரி 27 முதல் மவுண்ட் ரோடு அரசினர் தோட்டத்திலிருந்த பாங்க்வெட்டிங் ஹாலுக்கு மாறியது. பட்டதாரிகள் அங்கியணிந்து நிற்கும் மண்டபத்தில் ஓர் ஐந்து மாதம் சட்டமன்றம் நடந்திருக்கிறது என்பதை அங்கே படிக்கும் மாணவர்களிலேயே பலர் அறியார்.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். அந்த பாங்க்வெட்டிங் ஹால், பிளாசியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற வெற்றிகளின் நினைவாக 1802இல் கட்டி முடிக்கப்பட்டது. ஸ்ரீரங்கப்பட்டண வெற்றி என்பது திப்பு சுல்தானின் வீழ்ச்சி. திப்புவின் ஆட்சியிலிருந்து 1792இல் கம்பெனியிடம் கைமாறிய பாராமகால்தான் இன்றைய நமது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி. விடுதலைக்குப் பின் அந்த மண்டபம் ராஜாஜி மண்டபம் என்று பெயர் பெற்றது. வென்றவர்களின் பெருமைக்காக எழுந்த கட்டடம் நம் மண்ணில் பிறந்த ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இதைக் கட்டிய ஜான் கோல்டிங்காம், 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியையும் நடத்தியவர். அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரியாகி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் மூத்த உறுப்பாக இருக்கிறது. 1994இல் பர்கூரில் தொடங்கிய நமது அரசு பொறியியல் கல்லூரியும் அதே பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றதுதான்.

கேள்வி: மாநிலக் கல்லூரியின் மாடத்துக்கு ஃபைசன் மாடம் என்று பெயராமே? யார் அவர்?
— வாசகர், பர்கூர்

பதில்: பி. எஃப். ஃபைசன், அக்கல்லூரியின் தாவரவியல் பேராசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் இருந்தவர். நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி நூல் எழுதியவர். கட்டடம் சிஷோல்முடையது, கடிகாரம் பொருந்திய மாடம் பின்னர் வந்த ஃபைசனின் பெயருடையது.

கேள்வி: எங்கள் கல்லூரியில் கட்டடங்களை 'ஏ பிளாக்', 'பி பிளாக்' என்றே அழைக்கிறோம். பெயர் வைக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்கிறோம். பழைய கட்டடங்களின் ஆங்கிலேயர் காலப் பெயர்களையும் மாற்றிவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?
— மாணவர், காரிமங்கலம்

பதில்: இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பெயரில்லாத கட்டடத்திற்குப் பெயர் வைப்பது நல்ல காரியம். இருக்கும் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைப்பதை நான் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டேன்; ஏனெனில் பெயர் போனால், அந்தக் கட்டடம் யாருடைய முயற்சியால், எந்தக் காலத்தில் எழுந்தது என்ற தடயமும் அதோடு போய்விடுகிறது. போற்ற வேண்டியவர்கள் நமக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதிய கட்டடங்களைக் கொடுக்கலாம்.

நல்ல பெயருக்கு எடுத்துக்காட்டு தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தருமபுரி நகரில் ஆண்கள் பள்ளி அதியமான் பெயரிலும் மகளிர் பள்ளி அவ்வையார் பெயரிலும் இருக்கின்றன. நெல்லிக்கனி கொடுத்த தகடூர் மன்னனும் அதைப் பெற்றுப் பாடிய புலவரும் ஒரே ஊரில் இரண்டு பள்ளிகளாக நிற்கிறார்கள். எந்த விளக்கப் பலகையும் இல்லாமலேயே அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குப் பொருள் தெரிந்துவிடுகிறது. உங்கள் கல்லூரிக்கும் பாப்பாரப்பட்டியில் இறுதி நாள்களைக் கழித்த சுப்பிரமணிய சிவாவின் பெயரையோ, தகடூர் என்ற பழம்பெயரையோ கேட்கலாம்.

ஆனால் ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். வாயில் நுழையாத நீண்ட பெயரை மாணவர்கள் ஏற்பதில்லை. கிண்டி வளாகத்தின் தலைமைக் கட்டடத்தைத் தலைமுறை தலைமுறையாகச் 'சிவப்புக் கட்டடம்' என்றே சொல்லி வருகிறார்கள். சுருக்கமான பெயராகக் கேளுங்கள். கோரிக்கையைக் கல்லூரி முதல்வர் வழியாக எழுத்தில் கொடுங்கள். பல்கலைக்கழக வளாகமாக இருந்தால் ஆட்சிக்குழுவின் தீர்மானம் வேண்டும். அரசுக் கல்லூரியாக இருந்தால் கல்லூரிக் கல்வித் துறையின் வழியாக அரசுக்குப் போக வேண்டியிருக்கும்.

கேள்வி: ஒரு கல்லூரிக் கட்டடத்தின் வயதை எப்படி உறுதி செய்வது? ஆளுக்கொரு ஆண்டு சொல்கிறார்கள்.
— வாசகி, ஊத்தங்கரை

பதில்: பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுமே சரியாக இருக்கும், ஒன்று அடிக்கல் நாட்டிய ஆண்டு, மற்றது திறப்பு விழா நடந்த ஆண்டு. செனட் ஹவுஸையே 1874 என்று ஒருவரும் 1879 என்று மற்றொருவரும் எழுதினால் இருவரிடமும் தவறில்லை. முதலில் நுழைவாயிலின் இருபுறச் சுவர்களிலும் கல்வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையடிக்கும்போது கல்லின் மேலும் சேர்த்து அடித்துவிடுவதால் எழுத்து மறைந்திருக்கலாம். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது பார்த்தால் வரிகள் புலப்படும். இரும்புக் கரண்டியாலோ உப்புத்தாளாலோ சுரண்ட வேண்டாம், எழுத்தும் சேர்ந்து போய்விடும். அடுத்து, கல்லூரியின் பழைய ஆண்டு மலர்களையும், கட்டியது பொதுப்பணித் துறை என்றால் அந்தத் துறையின் கோட்ட அலுவலகத்தையும் நாடுங்கள். விடுதலைக்கு முந்தைய கட்டடமாக இருந்தால் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளைத் தேடலாம். கட்டடத்தின் பெயரைவிட, கட்டிய ஆண்டையும் துறையையும் குறித்துக்கொண்டு போனால் தேடுவது எளிதாகும்.