படக் குறிப்பு எழுதினால் கதைச்சுருக்கமாகவே வருகிறது: பதில்

கதையிலிருந்து தொடங்காதீர்கள். உங்களை நிறுத்திய ஒரே ஒரு காட்சியிலிருந்து தொடங்குங்கள். படம் பார்த்தாலும் புத்தகம் படித்தாலும் குறிப்பேட்டில் கதை மட்டும்தான் வருகிறது, சொந்தக் கருத்து வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

மூன்று நான்கு நாள் கழித்துத்தான் எழுதுவதாகச் சொல்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, முடிவுகளை 1885இல் வெளியிட்டார். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடப்பதைக் கண்டார். கதைக்குக் கோர்வை இருப்பதால் அது தங்கிவிடுகிறது. தொண்டை அடைத்தது, எரிச்சல் வந்தது, எல்லோரும் சிரித்தபோது உங்களுக்கு மட்டும் சிரிப்பு வராதது... என் அனுபவத்தில் இவைதான் முதலில் கரைகின்றன. அன்றிரவே இரண்டு வரி குறித்துவையுங்கள்.

சோதித்துப் பாருங்கள்: பழைய குறிப்பு ஒன்றில், படமே பார்க்காதவரும் எழுதிவிடக்கூடிய வரிகளை எல்லாம் அடியுங்கள். ஒரு வரி மிஞ்சினாலும் சரி, அதைப் பிடித்துக்கொண்டு அன்று உங்கள் நாள் எப்படிப் போனது, யாரோடு மனஸ்தாபம் என்று எழுதுங்கள். அப்புறம் அன்றாட வாழ்க்கை தானாக உள்ளே வரும்.

வகுப்பில் ஒப்படைக்கும் மதிப்புரைக்கு மட்டும் இது அப்படியே பொருந்தாது. அங்கே கதையை நாலு வரியாவது சொல்லியாக வேண்டும்.