யாழ்ப்பாணத்தில் புதிய தொழில்நுட்பம் வியாபாரத்தையும் அன்றாட வாழ்க்கையையும் எப்படி மாற்றியிருக்கிறது?

சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட சித்தப்பா தொடங்கிய கொமினிகேஷன் கடையை இப்போது நான் நடத்துகிறேன். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு எஸ்டிடி பூத் என்றால் விளங்கும். கேள்வி பெரியது, என் பதில் அந்தக் கடை மேசைக்குப் பின்னால் இருந்து பார்த்தது மட்டும்தான்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக எது வந்தாலும் "இனி உன்ர கடை சரி" என்றுதான் சொன்னார்கள். கடை இருக்கிறது. ஆனால் காசு வரும் வழி ஒவ்வொரு முறையும் இடம் மாறிக்கொண்டே போனது. இன்றைக்கு இயந்திரம் செய்யும் வேலைக்கு அநேகமாகப் பெறுமதியே இல்லை. பக்கத்தில் இருந்து செய்து கொடுக்கும் ஆளைத்தான் சனம் தேடி வருகிறது. அந்த ஆளுக்கு என்ன கூலி என்று மட்டும் இன்னும் யாரும் தீர்மானிக்கவில்லை.

யுத்தத்தால் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002இல் திறந்த காலத்தில் சித்தப்பாவின் கடையில் இரண்டு கண்ணாடிக் கூண்டு இருந்தது. நிமிடக் கணக்கு. கனடாவுக்கோ சுவிசுக்கோ எடுப்பவர்கள் உள்ளே பேசும்போது கண் முழுக்க மீட்டரில்தான் இருக்கும். அங்கிருந்து கோல் வரும் என்று பின்னேரம் முழுக்க வாங்கில் இருந்தவர்களும் உண்டு. கைத்தொலைபேசி வந்ததும் கூண்டு போனது, ரீலோட் (போனுக்குக் காசு போடுவது) வந்தது. பிறகு வைபரும் வட்ஸ்அப்பும் வந்தன, வெளிநாட்டுக் கோலுக்கு நிமிடக் காசு என்ற பேச்சே அற்றுப்போனது. கூண்டு நின்ற இடத்தில் இப்போது போட்டோக்கொப்பி மெஷின் நிற்கிறது.

தொழில்நுட்பம் ஏதோ வெளியிலிருந்து பெட்டியில் வந்து இறங்கும் சாமான் என்று நினைப்பவர்கள் யாழ்ப்பாணத்துப் பெரியவர்களிடம் ஒருமுறை பேச வேண்டும். யுத்தத்தால் 1990இல் மின்சாரம் நின்ற பிறகு பல வருடம் இந்த ஊர் அது இல்லாமலே ஓடியது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) படித்தார்கள். மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தேவை வந்தால் இங்கே யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. தேவை இல்லாவிட்டால் எவ்வளவு பளபளப்பான சாமானும் மூலையில்தான் கிடக்கும்.

கியூஆர் குறியையே எடுங்கள். கடைகளில் கியூஆரில் காசு கட்டலாம் என்று வங்கிக்காரர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிந்தபோது ஒருவரும் கவனிக்கவில்லை. 2022 ஜூலையில், எரிபொருள் தட்டுப்பாட்டு நேரம், பங்கீட்டுக்குக் கியூஆர் பதிவு தொடங்கியது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு (வாரத்துக்கு) 4 லீற்றர், அதுவும் அந்தக் குறி இருந்தால்தான். அந்த ஒரு கிழமை கடையில் நிற்க இடமில்லை. போனே இல்லாத ஐயாமார் கூட வாகனப் புத்தகத்தைச் சேர்ட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்து பதிவு செய்து, குறியைப் பிரின்ட் எடுத்து, லமினேட் பண்ணி, திறப்போடு கட்டித் தொங்கவிட்டார்கள். கடதாசி விலை ஏறிக்கொண்டிருந்த நேரம் வேறு. 2023 செப்டெம்பரில் அந்த முறையை நிறுத்தினார்கள், ஆனால் குறி என்றால் என்ன, அதை எப்படிக் காட்டுவது என்பது எழுபது வயது ஆட்களுக்கும் பழகிவிட்டது. அதற்குப் பிறகுதான் மரக்கறிக் கடை, தேத்தண்ணிக் கடை எல்லாவற்றிலும் லங்கா கியூஆர் ஸ்டிக்கருக்கு உயிர் வந்தது என்பது என் அபிப்பிராயம். மத்திய வங்கியின் பொதுத் தரம் என்பதால் எந்த வங்கியின் செயலியாலும் ஒரே குறியில் காசு போகிறது. சில கடைக்காரர் வங்கி வெட்டும் சிறு கழிவுக்குப் பயந்து "தம்பி, காசா இருந்தா நல்லது" என்பார்கள். அதுவும் உண்மைதான்.

ஆனால் மாறாதது எது என்று பார்த்தால்தான் சுவாரசியம். பலசரக்குக் கடையில் கடன் கொப்பி அப்படியே இருக்கிறது. மாதச் சம்பளக்காரர் பெயருக்கு நேரே பருப்பும் சீனியும் எழுதி, மாத முடிவில் கூட்டி, அந்தத் தொகையைப் போனில் கட்டுகிறார்கள். கடைசி அடி மட்டும்தான் டிஜிட்டல். சந்தையில் இன்னும் மோசம். மின்னணுத் தராசு வந்து பல காலம். கிராம் கணக்கில் சிவப்பு எழுத்தில் காட்டும். ஆனால் வடக்கில் பல சந்தைகளில் தோட்டக்காரர் 100 கிலோ கொண்டுவந்தால் 10 கிலோவைக் "கழிவு" என்று வாயால் கழித்துவிட்டு 90 கிலோவுக்குத்தான் காசு. தராசு எவ்வளவு நுட்பமாக நிறுத்தாலும் அந்தப் பத்துக் கிலோவை அது என்ன செய்யும்? தோட்டக்காரர்கள் இதை எதிர்த்துப் பேசி எத்தனையோ வருடமாகிறது. அதே ஆட்கள் தம்புள்ளைப் பெரிய மொத்தச் சந்தையில் இன்றைக்கு வெங்காயம் என்ன விலை என்று விடியவே வட்ஸ்அப்பில் பார்த்துவிடுகிறார்கள். விலை தெரியும், ஆனால் விற்பது உள்ளூர்ச் சந்தையில்தான். தகவல் கையில் இருந்தால் பேரம் பேசும் பலம் தானாக வரும் என்று கூட்டங்களில் சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஓட்டோ விசயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். போனில் ஓட்டோ அழைக்கும் பிக்மீ செயலி வந்ததும் ஸ்டாண்டில் நிற்பவர்களுக்கும் செயலியில் ஓடுபவர்களுக்கும் இழுபறி. பயணிக்கு லாபம், விலை முன்கூட்டியே தெரிகிறது. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

எங்கள் ஊரில் உண்மையாகவே வாழ்க்கையை மாற்றியது எது என்று கேட்டால், செத்தவீட்டு நேரலை என்பேன். பாதிக் குடும்பம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கும் ஊர் இது. முன்பு இறுதிச் சடங்கு வீடியோ கசெட்டாகவும் சீடியாகவும் பின்னால் போகும். இப்போது நேரலை. இங்கே காலை 10 மணி என்றால் கோடையில் ரொறன்ரோவில் நள்ளிரவு 12.30. மகன் அங்கே விழித்திருக்கிறான் என்பதற்காகக் கிரியையின் நேரத்தையே முன்பின் மாற்றுகிறார்கள். கமெராப் பெடியள் பந்தல் போடும்போதே வந்து சிக்னல் பார்க்கிறார்கள். வாய்க்கரிசி போடும் நேரம் யார் கமெராவுக்கு முன்னால் நிற்கக் கூடாது என்று ஐயரோடு பேசி வைக்கிறார்கள். இணைப்பை எனக்கும் அனுப்புவார்கள், கடையில் பிரின்ட் எடுக்கும் நோட்டீசில் அதற்கும் ஒரு கியூஆர் போட வேண்டும் என்று.

இதில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. படலையோடு நின்றுவிடுவார்கள். நேரலை சுடலை வரைக்கும் போகிறது. போன வருடம் ஒரு வீட்டில் பார்த்தேன்: பிரேதம் போன பிறகு, முற்றத்தில் கதிரைகள் அடுக்கிக்கொண்டிருந்த நேரம், இறந்தவரின் மகளும் மருமகளும் இரண்டு மாமிமாரும் குசினி வாசலில் ஒரு போனைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். கனடாவில் இருக்கும் அண்ணனுக்கென்று போன நேரலையில், கொள்ளி வைப்பதை இவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்த மாமி, "குடம் உடைக்கிறது இப்பிடித்தானோ" என்று கேட்டா. எண்பதை நெருங்கும் ஆள். எத்தனை சாவைக் கண்டிருப்பா. அவ அதைப் பார்த்தது அன்றைக்குத்தான். யாரும் வழக்கத்தை மாற்ற வேண்டும் என்று கூட்டம் போடவில்லை. டேட்டா காட் போட்ட ஒரு போன் அதைச் செய்துவிட்டது.

செயற்கை நுண்ணறிவும் என் கடைக்குள் செத்தவீட்டு வழியாகத்தான் நுழைந்தது. அந்தியேட்டிக்கு (31ஆம் நாள் கிரியை) கல்வெட்டு அடிப்பது இங்கே வழக்கம். இறந்தவரின் வரலாறு, தேவாரம், படங்கள் எல்லாம் சேர்த்து ஒரு சிறு புத்தகம். படம்தான் பிரச்சினை. யுத்தத்தில் ஊரே வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீடுகளை விட்டு ஓடியவர்களில் பலரிடம் பழைய படம் ஒன்றும் மிஞ்சவில்லை. அடையாள அட்டையில் இருக்கும் முத்திரை அளவு கறுப்பு வெள்ளைப் படம்தான் கதி. அதைப் பெரிதாக்கி நிறம் கொடுக்கும் செயலிகள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு அம்மாவின் படத்தைப் போட்டோம். அரை நிமிடத்தில் வந்துவிட்டது: பட்டுப்போன்ற தோல், ஒளிவிடும் கண், ஒழுங்கான புருவம். நாடியில் இருந்த மறுவைக் காணோம். நெற்றியில் இருந்த திருநீற்றைத் தூசி என்று நினைத்தோ என்னவோ துடைத்துவிட்டிருந்தது. வீடியோ கோலில் இருந்த மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வடிவாத்தான் இருக்கு தம்பி, ஆனா இது அம்மா இல்லை" என்றா. இங்கே இருந்த அண்ணனுக்கோ புதுப் படம்தான் பிடித்திருந்தது. அந்த அண்ணன் தங்கைச் சண்டையை நான் எழுதப் போவதில்லை. கடைசியில் அடையாள அட்டைப் படத்தையே, கீறல்களை மட்டும் கையால் நீக்கிவிட்டு, சிறிதாக முன்பக்கத்தில் போட்டோம். இப்போது யார் வந்தாலும் முகத்தில் கை வைக்க வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன். பின்புலத்தைச் சுத்தம் செய்வதற்கும் கிழிந்த மூலையை ஒட்டுவதற்கும் இந்தச் செயலிகளுக்கு நிகரில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

கல்வெட்டில் இன்னொரு வேடிக்கை. வரலாற்றை இப்போது பேரப்பிள்ளைகள் ஏஐயிடம் எழுதுவித்து யூனிக்கோடில் அனுப்புகிறார்கள். எங்கள் அச்சகங்கள் பலதில் இன்னும் யூனிக்கோடுக்கு ஒத்துவராத பழைய பாமினி எழுத்துருதான். மாற்றிப் போட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதைத் திருத்தும் வேலை மனிதனுக்கு. திருத்தும்போதுதான் தெரியும், எந்த ஐயாவைப் பற்றி எழுதினாலும் அவர் "அன்பும் பண்பும் நிறைந்த பெருமகனார்". ஊர் முழுக்க அறிந்த கோபக்காரராக இருந்தாலும் சரி.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏஐயிடம் எழுதுவிக்கும் ஒப்படைகளும் (அசைன்மென்ட்) அப்படித்தான். "நிச்சயமாக! இதோ நீங்கள் கேட்ட கட்டுரை" என்ற முதல் வரியோடு பிரின்ட் எடுக்கக் கொண்டுவருவார்கள். அந்த வரியை வெட்டிவிடவா என்று கேட்டால் வெட்கப்படுபவன் இரண்டு பேரில் ஒருவன். மற்றவன் "அதுவும் இருக்கட்டும் அண்ணை, பக்கம் கூடும்" என்பான். இதே யாழ்ப்பாணத்தில்தான் தொழில்நுட்ப ஆர்வலர்களின் அமைப்பான யாழ் ஐடி ஹப் நடத்தும் யாழ் கீக் சேலஞ்ச் போட்டிக்குச் சொந்தமாகச் செயலி செய்து கொண்டுபோகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டு வகையும் ஒரே வகுப்பில் படிக்கலாம்.

தீவுப்பகுதிக் கதை வேறு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, பேட்டரி சேர்ந்த மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய உதவியில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்று. டீசல் ஜெனரேட்டரை நம்பியிருந்த இடங்கள் அவை. செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தபோது முதலில் எனக்கு ஞாபகம் வந்ததும் நெடுந்தீவுதான். விலை மட்டும் அங்குள்ளவர்களின் கைக்கு எட்டுவதாக இல்லை.

சரி, கூலி விசயத்துக்கு வருகிறேன். 2023 ஜூன் முதல் பாஸ்போர்ட்டுக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம், கைரேகையைப் பிரதேச செயலகத்தில் கொடுக்கலாம் என்று ஆனது. 2025 செப்டெம்பரில் யாழ் மாவட்டச் செயலகத்திலேயே குடிவரவுத் திணைக்களத்தின் கிளை திறந்தார்கள். முன்பு இரவு பஸ் ஏறிக் கொழும்பில் வரிசையில் நின்றவர்களுக்கு இது பெரிய விடுதலை. அந்தப் படிவத்தை நிரப்ப என்னிடம் வருகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. அதைக் கண்டுபிடித்து, ஆட்களை விசாரித்து, போனுக்கு வரும் ஓடிபியைப் பார்த்துச் சொல்லி, எல்லாம் முடிய ஒரு மணித்தியாலம் ஓடிவிடும். "நீ இருந்த இடத்தில நாலு தட்டுத் தட்டினதுக்கு இவ்வளவோ?" என்று கேட்பவர்கள் உண்டு. முருங்கைக்காய்க் கட்டோடு வருபவர்களும் உண்டு.

இதைவிடக் கனமான வேலை ஒன்றும் இருக்கிறது. வயதானவர்கள் போனை அப்படியே என் கையில் தந்து, "மகன் காசு போட்டிட்டானோ எண்டு பார் தம்பி" என்பார்கள். வங்கிச் செயலி, கடவுச்சொல், ஓடிபி எல்லாம் கையில். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் வேறு ஆளில்லை. தபாலகத்தில் பார்சல் வந்திருக்கிறது, காசு கட்டு என்று வரும் போலி எஸ்எம்எஸ்ஸையும் கொண்டுவந்து காட்டுவார்கள், நல்ல காலத்துக்கு அழுத்துவதற்கு முன். கடவுச்சொல்லை நான் கேட்பதில்லை, அவர்களையே அழுத்தச் சொல்கிறேன். காசு அனுப்பும் பக்கத்தைத் தொடுவதில்லை. போன் வேலை எல்லாம் மேசைக்கு மேலே, அவர்கள் பார்க்கத்தான். இதற்கு நான் காசு வாங்குவதில்லை. வாங்கினால் அது வேறு மாதிரி உறவாகிவிடும் என்று ஒரு பயம்.

கடைப் பலகையில் போட்டோக்கொப்பிக்கு, பிரின்டுக்கு, லமினேட்டுக்கு எல்லாம் விலை இருக்கிறது. அவற்றில் வரும் லாபம் கரன்ட் பில்லுக்குக் காணும். ஒன்லைன் வேலைக்கு மட்டும் "பேசித் தீர்மானிக்கலாம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். கேள்வி கேட்டவர் இந்தப் பக்கம் ஏதாவது கடை போடும் யோசனையில் இருந்தால், பெரிய மெஷினுக்கு லீசிங் எடுக்க வேண்டாம். பழைய பிரின்டர் போதும். சிங்களமும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்த, கிழவன் கிழவியோடு பொறுமையாகப் பேசக்கூடிய ஒரு பிள்ளையைப் பார்த்து வேலைக்கு வையுங்கள். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டியே கொடுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் கனடாவுக்குப் போய்விடும்.